கந்தோர் அக்காவுக்குச் சொல்லக் கூடாது

கந்தோர் என்று எங்கள் சனம் சொல்கிற இந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் இருந்து நாலு நல்ல விஷயம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். நல்ல விஷயம் ஒன்றும் வரவில்லை. விட்ட பிழைகள்தான் நான் முந்தி நீ முந்தி என்று வந்தன. அதனால் பிழை விட்ட கதை ஒன்றையே எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. நானும் இப்போது சிரிக்கிறேன். அந்த வாரம் மட்டும் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் நீங்களும் என்னைப் போலத் திணறப் போகிறீர்கள். இயலாத ஒரு பிள்ளைக்கு, தங்களுக்குப் பிறகு உதவட்டும் என்று தாய் தகப்பன் கொஞ்சப் பணம் ஒதுக்கி வைக்கிறார்கள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அரசாங்க உதவி நின்றுவிடும். சொந்தக்காரர் கையில் கொடுத்தால் சொந்தம் நின்றுவிடும். அதனால் நம்பிக்கைப் பொறுப்பு என்று ஒன்றை எழுதி, ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தப் பொறுப்பாளருக்குச் சட்டம் தெரியும், வரி தெரியும். அந்தப் பிள்ளையைத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்து, இவர் எப்படி இருக்கிறார், இவருக்கு என்ன தேவை என்று எழுதிக் கொடுப்பதுதான் பராமரிப்பு மேலாளர்களாகிய எங்கள் வேலை. நாங்கள் எழுதுவதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்க, கல்யாண வீட்டில் கேட்டவர், “ஓ, நேர்ஸ் வேலையோ?” என்று சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் எடுக்கப் போய்விடுவார்.

நான் பார்க்க வேண்டியவர்கள் என்று என் பெயருக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவர் யூட். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அவருக்கு வயது முப்பத்தெட்டு. மன்னாரிலிருந்து பிரெஞ்சு பேசுகிற இந்த ஊருக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பம், ஊரோரத்தில் லாசாலில் மூன்றாம் மாடியில் வீடு. யூட்டுக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. எழுத வாசிக்க வராது. பத்துக்கு மேலே எண்கள் குழம்பும். தாய் இறக்கும் முன்பு தன்னுடைய சேமிப்பையெல்லாம் அவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் எழுதி வைத்திருந்தார். பொறுப்பாளர் ஒரு நொத்தாரிசு. இந்த ஊரில் உயிலும் வீட்டு உறுதியும் எழுதுகிறவர்களில் ஒருவர், பிரெஞ்சுக்காரர், சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் எடுப்பவர் போல இருப்பார். தாய் போன பிறகு யூட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா மெற்றில்டா.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் போவேன். போவதற்கு முந்திய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவேன். அதுதான் முறை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முறை தெரிந்தவள் மெற்றில்டாவும்தான். நான் படியேறும்போதே றோல்ஸ் பொரிக்கிற மணம் இரண்டாம் மாடிக்கு வந்துவிடும். உள்ளே போனால் மேசையில் பற்றிஸ், கட்லட், ஒரு கத்தரிக்காய்ப் பொரியல், கூடவே தேத்தண்ணி. யூட் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, தலைமயிரை ஈரமாக வாரி, சோபாவின் நடுவில் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு இருப்பார். முதற் தடவை நற்கருணை வாங்கப் போகிற பிள்ளையின் படம் போல இருக்கும்.

“யூட் எப்பிடி இருக்கிறார்?” என்று நான் கேட்பேன். மெற்றில்டாவைப் பார்த்துத்தான் கேட்பேன்.

“நல்லா இருக்கிறான் அக்கா. ஒரு துரும்பைத் தூக்க விடுறேல்லை. ராசா மாதிரி வைச்சிருக்கிறம்.”

“என்ன யூட், சுகமோ?”

“ஓம்,” என்பார் யூட்.

முடிந்தது. மிச்ச நேரம் கட்லட்டும் ஊர்க்கதையும். வீட்டுக்கு வந்து, “தனியாக எந்த வேலையும் செய்ய மாட்டார். முழுநேரத் துணை தேவை. அன்பான பராமரிப்பு கிடைக்கிறது” என்று அறிக்கை எழுதுவேன். அந்த அன்பில் எனக்கும் ஆறு கிலோ கூடியது. நாள் முழுவதும் இருக்கிறவர் வசதியாக இருக்கட்டும் என்று, பொத்தானை அமத்தினால் பின்னுக்குச் சாய்கிற நாற்காலி ஒன்றையும் நொத்தாரிசிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட நாள் அது.

இப்படி மூன்று வருடம் போனது. அந்த ஒக்ரோபரில் மெற்றில்டாவுக்கு டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்கிற சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. விடிய நாலு மணிக்கே வீட்டை விட்டுப் போகவேண்டும். அவளுடைய கணவனுக்கும் விமான நிலையத்தில்தான் வேலை, அதுவும் பகலில். நான் இதை நொத்தாரிசுக்கு எழுதினேன். ஒரு வியாழக்கிழமை அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், உங்கள் அறிக்கைப்படி இவரைத் தனியே விட முடியாது. பகலில் யார் பார்ப்பது?”

நான் வாய் திறக்கும் முன்பே பதிலும் அவரிடம் இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு இடம் காலியாகி இருந்தது. நல்ல இடம், சுத்தமான இடம். வாசற்கதவு பூட்டியே இருக்கும், துணை இல்லாமல் யாரும் வெளியே போக முடியாது. அடுத்த புதன்கிழமை மத்தியானத்துக்குள் சம்மதம் சொன்னால் அந்த இடம் யூட்டுக்கு. சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். “உங்கள் அறிக்கை இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது,” என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

நான் மெற்றில்டாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நீங்கள் சொன்னாச் சரிதானே அக்கா,” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. தம்பியைப் பிரிகிற கவலையாக்கும் என்று நினைத்து, அந்த இல்லத்தில் இருக்கிற வசதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஆறுதல் வேறு சொன்னேன். இன்றைக்கும் அந்த ஆறுதலை நினைத்தால் என் காது சுடுகிறது.

சனிக்கிழமை நான் ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். கந்தோர் அலுவலாக அல்ல, கத்தரிக்காய் வாங்க. குளிருக்காகக் கடைசி வெளிக்கடைகள் அடைக்கும் முன்பு நல்ல காய் கிடைக்கும். ஒரு இத்தாலிக்காரப் பெண்ணின் கடையில் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி குடைமிளகாயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள்ளே இருந்து ஒரு ஆண்குரல், சுத்தமான இந்த ஊர்ப் பிரெஞ்சில், “அமுக்க வேண்டாம் மாதாம், அதற்கு நோகும். என்ன சமையல் என்று சொல்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்,” என்றது. அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

யூட்.

பச்சை ஏப்ரன் கட்டி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, பெட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பெட்டியை இறக்கி வைத்தார். சுருட்டிய கையை இறக்கினார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். நேராக நின்றுகொண்டு, நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, “ஓம்,” என்றார்.

“யூட், இஞ்சை என்ன செய்யிறியள்?”

“சொல்லக் கூடாது.”

“ஆருக்கு?”

“கந்தோர் அக்காவுக்கு.”

“நான்தானே கந்தோர் அக்கா.”

“ஓம். அதுதான் சொல்லக் கூடாது.”

கடைக்காரி வந்துவிட்டார். நான் யூட்டின் சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு மளமளவென்று சொல்லத் தொடங்கினார். முன்பு தாயோடு வருவாராம். தாய் போன பிறகு ஒரு நாள் தனியாகவே வந்து நின்றாராம். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள். நாளைக்குப் பழுதாகப் போகிற மிளகாயை இன்றைக்கே பொறுக்கி எடுக்கத் தெரிந்தவர் அந்தச் சந்தையிலேயே இவர் ஒருவர்தானாம். “யாரோடு வருகிறார்?” என்று கேட்டேன். “மெற்றோவில் வருகிறார். யாரோடு வரவேண்டும்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பேருந்து ஏறி, பச்சைப் பாதையில் வந்து, இடையில் ஒரு நிலையத்தில் இறங்கிச் செம்மஞ்சள் பாதைக்கு மாறி வருகிறாராம். நிலையங்களின் பெயரை அவர் வாசிப்பதில்லை. நிறம் பார்த்து வருகிறார்.

யூட் ஆறு கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துப் பையில் போட்டுத் தந்தார். அந்தக் கத்தரிக்காயின் பளபளப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாக லாசால் வீட்டு மேசையில் நான் வழித்து வழித்துச் சாப்பிட்ட பொரியல் இவர் தூக்கிக்கொண்டு வந்த காயில் செய்ததுதான்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு மெற்றில்டா மேலே கோபம். இரண்டு நிலையம் தாண்ட, கோபம் திரும்பி என்னிடமே வந்தது. அவள் பொய் சொன்னாள், சரி. அதை உண்மை என்று கையெழுத்துப் போட்டது யார்? இனி நான் வாய் திறந்தால் மூன்று வருட அறிக்கையும் குப்பை என்று ஆகும். என் பெயர் கெடும். இயலாத தம்பியைக் கடையில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள் என்று மெற்றில்டா மேலேயும் கேள்வி வரலாம். திறக்காவிட்டால் புதன்கிழமை யூட் பூட்டிய கதவுக்குப் பின்னால் போய், சாய்கிற நாற்காலியில் இருப்பார். ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாமா என்று நான் யோசித்தேன். உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு முழு மாலை யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து, முன்னறிவிப்பு இல்லாமல் லாசாலுக்குப் போனேன். மெற்றில்டா கதவைத் திறந்துவிட்டு, பொலிசைக் கண்டவள் போல நின்றாள்.

“அக்கா, சொல்லியிருந்தா ஏதாவது செய்து வைச்சிருப்பன்.”

“அதுக்குத்தான் சொல்லாமல் வந்தனான்.”

உள்ளே யூட் குசினி மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவில், அவசரமில்லாமல். நான் வாங்கிக் கொடுத்த சாய்நாற்காலியில் மடிக்காத உடுப்பு மலைபோலக் குவிந்திருந்தது. அந்த வீட்டில் அதில் இருக்க யாருக்கும் நேரமில்லை என்று தெரிந்தது.

“நேற்றுச் சந்தையிலை யூட்டைக் கண்டனான்,” என்றேன்.

மெற்றில்டா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

“நொத்தாரிசுக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“இன்னும் இல்லை. முதல் நீங்கள் சொல்லுங்கோ.”

சொன்னாள். தாய் செத்த வருடம், மாதா கோயில் வாசலில் ஒரு பெண் எல்லாரும் கேட்க, “பாவம், ஏலாத பெடியனைச் சந்தையிலை மூட்டை தூக்க விட்டிருக்கினம்,” என்றாளாம். அன்றைக்கே மெற்றில்டா முடிவெடுத்துவிட்டாள், இதை இனி ஒருவருக்கும் சொல்வதில்லை என்று.

“சாகேக்கை அம்மாவுக்குச் சொன்னனான் அக்கா, அவனை ராசா மாதிரி வைச்சிருப்பன் எண்டு. பிறகு எப்பிடி உங்களிட்ட அவன் பெட்டி தூக்கிறான் எண்டு சொல்லுறது? நான் மறிச்சுப் பாத்தனான். ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். விட்டிட்டன்.”

“நான் அந்த இல்லத்தைப் பற்றிச் சொல்லேக்கையாவது வாயைத் திறந்திருக்கலாமே?”

“கந்தோர் ஆக்களோடை கதைக்கேக்கை எவ்வளவு குறையச் சொல்லுறமோ அவ்வளவு நல்லது எண்டுதான் அகதி விசாரணை நேரம் படிச்சனாங்கள். மூண்டு வருசம் பொய் சொல்லிப்போட்டு இப்ப மாத்திச் சொன்னா ஆர் நம்புவினம்? பொய்க்காரியிட்டை விடேலாது எண்டு அவனைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயந்தன்.”

“இப்பவும் கொண்டுதானே போகப்போயினம்.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யூட் வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். “வெங்காயம்,” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். “அக்காவுக்கும் எரியுது.” பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகளே, இந்தப் பிழையை எங்கள் கந்தோரில் இருந்த பிரெஞ்சுக்காரப் பெண் யாராவது செய்திருப்பாளா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். செய்திருக்க மாட்டாள். அவள் உள்ளே வந்ததும் யூட்டுக்கு எதிரே கதிரையைப் போட்டு, நாள் முழுக்க என்ன செய்கிறீர் என்று நேரே கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு எங்கள் வீடுகள் தெரியும் என்ற கொழுப்பு. மூத்தவர் இருக்க இளையவரைக் கேட்பது மரியாதையில்லை என்று எனக்குத் தெரியும், பொரித்து வைத்ததைச் சாப்பிடாமல் வருவது அவமதிப்பு என்று தெரியும். எங்கள் சனத்தைத் தெரிந்தவள் என்றுதான் என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரிந்ததை வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்தேன். நீங்களும் தமிழ் வீடுகளுக்குத்தான் அதிகம் போகப் போகிறீர்கள். கட்லட்டைச் சாப்பிடுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் ஒரு தடவையாவது கட்லட் இல்லாத நேரத்தில் போங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நொத்தாரிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் எழுதியது பிழை என்றேன்.

“எது பிழை? என்னிடம் உங்களுடைய பன்னிரண்டு அறிக்கைகள் இருக்கின்றன.”

“பெயரும் வயதும் சரி,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். பிறகு அவர் கேள்வி கேட்டார். வழியில் ஏதாவது நடந்தால் என்ன செய்வார்? தெரியாது என்றேன். அந்தக் கடையில் அவரை ஏமாற்றி வேலை வாங்குகிறார்களா? அப்படித் தெரியவில்லை, ஆனால் ஒரு நாள் பார்த்ததை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் ‘தெரியாது’ என்று சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகுதான் அவர் கேட்கத் தொடங்கினார் என்று எனக்குப் பட்டது.

“சரி. புதன்கிழமை பத்து மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்,” என்றார்.

“கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அவரே வருவார்.”

வாய் சொன்ன பிறகுதான் மூளை கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. நொத்தாரிசின் கந்தோர், யூட் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறுகிற அதே நிலையத்துக்குப் பக்கத்தில்தான். செவ்வாய்க்கிழமை சந்தையில் இருந்து அவர் திரும்பும்போது நான் கூடப் போய் வழியைக் காட்டினேன். படியேறி வெளியே வந்து, இடப்பக்கம், ரொட்டி மணக்கிற பாண் கடை தாண்டி, நீலக் கதவு. அவர் ஒரு தடவை நடந்து பார்த்தார். “விளங்கீட்டுது,” என்றார். நான் இன்னொரு தடவை நடப்போமா என்றேன். “உங்களுக்கு விளங்கேல்லையோ?” என்று கேட்டார்.

புதன்கிழமை பத்து மணிக்கு நொத்தாரிசின் அறையில் நானும் மெற்றில்டாவும் இருந்தோம். அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். பிந்தக் கூடாது என்று யூட்டை ஏழு மணிக்கே பேருந்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். லாசாலில் இருந்து அங்கே வர முக்கால் மணி நேரம் போதும். எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நிற்பார் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் பத்து மணிக்கு வந்தோம்.

பத்தே கால் ஆனது. யூட் இல்லை. பத்தரை ஆனது. மெற்றில்டாவின் கை கைப்பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தது. நொத்தாரிசு கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேசையில் இல்லத்தின் தொலைபேசி எண் எழுதிய தாள் இருந்தது.

“நான் போய்த் தேடப்போறன்,” என்று மெற்றில்டா எழும்பினாள்.

“இருங்கோ.”

“அக்கா, அவன் எங்கையாவது விழுந்து கிடந்தா?”

அந்த நேரம் நான் நம்பிக்கையோடு இருந்தேன் என்று எழுத ஆசைதான். என் வீம்புக்காக ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டேனோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. இப்போது இவள் தேடிப் போனால், தேட வேண்டிய ஆள் என்று யூட்டின் கதை முடிந்துவிடும். நான் நொத்தாரிசிடம் பதினொரு மணி வரை நேரம் கேட்டேன். பதினொன்றுக்கு அவர் வராவிட்டால் பொலிசுக்கு நானே சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு போன இருபது நிமிடத்தை நான் உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் கதவு தட்டப்பட்டது. யூட் சந்தைக்குப் போகிற ஜக்கெட்டோடு நின்றார். சப்பாத்தில் ஈரமண். எங்களைப் பார்த்து, இவ்வளவு பேர் ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்பது போலப் பார்த்தார்.

“எங்கையடா போனனீ?” என்று மெற்றில்டா கத்தினாள்.

“சந்தைக்கு. புதன் எனக்கு வேலை. வரேல்லை எண்டு கடை மாதாமுக்குச் சொல்லோணுமே. சொல்லாமல் நிக்கக் கூடாது.” பிறகு நொத்தாரிசைப் பார்த்துப் பிரெஞ்சில், “பொன்ஜூர். மாதாம் ரெண்டு பெட்டி இறக்கித் தரச் சொன்னா. அதுதான் பிந்திப்போச்சு,” என்றார்.

நான் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், பழக்கதோஷம். நொத்தாரிசு கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, யூட்டுக்கு எதிரே தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்த இல்லத்தைப் பற்றி நிதானமாகச் சொன்னார். அங்கே போக விருப்பமா என்று கேட்டார்.

“அங்கையிருந்து சந்தைக்கு எந்த நிற மெற்றோ?” என்றார் யூட்.

“அங்கே மெற்றோ இல்லை.”

“பேருந்து?”

“தனியாக வெளியே போக விடமாட்டார்கள்.”

யூட் யோசித்தார். “அப்ப வேண்டாம். மெர்சி,” என்றார். கடையில் ஒரு காயைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவரைப் போல, மரியாதையாக.

கடையில் என்ன தருவார்கள் என்று கேட்டார் நொத்தாரிசு. மத்தியானச் சாப்பாடு, ஒரு பை மரக்கறி, சில நேரம் ஏச்சு என்றார் யூட். அதைச் சட்டப்படி ஒழுங்குபடுத்த வேண்டும், கடைக்காரியோடு கதையுங்கள் என்று நொத்தாரிசு எனக்குச் சொன்னார். சந்தை இல்லாத நாளில் என்ன செய்வார் என்று கேட்டார். சமைப்பாராம். வழியில் ஏதாவது நடந்தால்?

“நடந்தது. போன மாரி ரெண்டு தரம் விழுந்தனான். எழும்பிப் போனனான்.”

“எப்ப?” என்று மெற்றில்டா பாய்ந்தாள். “எனக்கு நீ சொல்லேல்லையே!”

“சொன்னா விடமாட்டியள்.”

நொத்தாரிசு ஒரு கோப்பைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். போன குளிர்காலத்துக்கு நான் எழுதிய அறிக்கை. விழுந்த சம்பவங்கள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஏன் விழுந்தீர்கள்?” என்று யூட்டைக் கேட்டார்.

“சப்பாத்து வழுக்குது. பனியிலை பிடிக்கிற சப்பாத்து வேணும். பெட்டி தூக்கேக்கை கீழை பாக்கேலாது.”

தாய் விட்டுப்போன பணத்தில் இருந்து அந்தப் பணத்துக்கு உரியவர் தன் வாயால் கேட்ட முதற் பொருள் அதுதான். நொத்தாரிசு புதுத் தாள் எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். யூட் காலைத் தூக்கிக் காட்ட, குனிந்து அளவையும் பார்த்து எழுதினார்.

“வேறு ஏதாவது?”

“இல்லை.” யூட் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதை அவர் எப்படி வாசிக்கிறார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. “பின்னேரம் அப்பிள் வரும். மாதாம் தனிய,” என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். மெற்றில்டாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

“நீங்கள் இருங்கோ அக்கா,” என்றார் யூட். “எனக்கு வழி தெரியும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கதிரையிலேயே இருந்தேன். அவள் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தாள். யூட் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நொத்தாரிசு தொலைபேசியை எடுத்து, இல்லத்தில் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கும்படி சொன்னார். அப்போது மணி பதினொன்றரை.

யூட் தெருவைக் கடப்பது அந்த அறை ஜன்னலால் தெரியும். மெற்றில்டா எழும்பி ஜன்னலுக்குப் போகவில்லை. போனது நான்தான்.